மலைச் சீட்டுக்கு நாலு

பயிற்சி வகுப்புக்கு வந்து புதியவர்களிடம் அரை மணி நேரம் பேசும்படி கேட்டார்கள். நின்று பேச முழங்கால் இடம் கொடுக்காது. உட்கார்ந்து பேசினால் பாதியில் எனக்கே தூக்கம் வந்துவிடும். அதனால் எழுதிக் கொடுத்துவிடுகிறேன், குரல் நன்றாக இருக்கிற யாராவது படித்துவிடுங்கள். நீளமாக இருக்கிறதே என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். நான் உங்களைவிட அதிகமாக அலுத்துப்போனவள்.

முப்பத்தொரு வருடம் அரசு மருத்துவமனைகளில் ரத்தம் பார்க்கிற வேலை செய்தேன். கடைசிப் பதினான்கு வருடம் கல்வராயன் மலைக்குக் கீழே ஒரு மருத்துவமனையில். எது என்று இங்கே எழுதப் போவதில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். கச்சிராயபாளையத்திலிருந்து காலை டவுன் பஸ்ஸில் ஏறினால், கரும்பு வண்டிகள் வழி விட்டால் எட்டரைக்குப் போய்ச் சேர்வேன். அதற்குள் ஆய்வகத்து வாசலில் சீட்டும் கையுமாக அறுபது பேர் நிற்பார்கள்.

ஊசி குத்துவது, சாயம் ஏற்றுவது, மெஷினுக்குத் திரவம் ஊற்றுவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்லப்போவது ஒரே ஓர் எண்ணைப் பற்றி. பல வருடம் நான் கைகூசாமல் எழுதிய எண் அது. நாலு.

வெள்ளை அணுக்களை வகை பிரித்து எண்ணும் சோதனையைத்தான் சொல்கிறேன். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ரத்தத்தை இழுத்து, சாயம் போட்டு, மைக்ரோஸ்கோப்பின் கீழ் நூறு வெள்ளை அணுக்களை எண்ண வேண்டும். அதில் எந்த வகை எத்தனை என்று எழுத வேண்டும். ஈசினோபில் என்கிற வகை, உள்ளே சிவப்பு மணிகள் நிறைந்து பார்க்கவே அழகாக இருக்கும். சாதாரணமாக நூற்றுக்கு ஒன்று, இரண்டு, போனால் ஐந்தாறு. வயிற்றில் புழு இருந்தால் கூடும், ஏதாவது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாவிட்டாலும் கூடும். புழுவைக் கொல்வதற்கென்றே உடம்பு வைத்திருக்கிற ஆள் அவர்.

மலைக் கிராமங்களில் செருப்பில்லாமல் காட்டுவேலை செய்பவர்கள் அதிகம், அதனால் புழுவும் அதிகம். நான் அந்த மருத்துவமனைக்கு வந்த புதிதில் மலையிலிருந்து வருகிற சீட்டுக்கெல்லாம் பன்னிரண்டு, பதினைந்து என்று எண்ணி எழுதினேன். மேலதிகாரிகளிடமிருந்து போன் வரும். "என்னம்மா, எல்லாருக்கும் பதினஞ்சா? சாயம் சரியில்லையா, உன் கண்ணு சரியில்லையா?" எனக்கு மூத்தவர் ஒருவர் அப்போது ஆய்வகத்தில் இருந்தார். நல்ல மனிதர். சாப்பிட்டாயா என்று கேட்காமல் டப்பாவைத் திறக்கமாட்டார். அவர்தான் ஒருநாள் என் கையிலிருந்து பேனாவை வாங்கி, "மலைச் சீட்டுக்கு நாலு போட்டுடும்மா. அவங்களுக்கு எப்பிடியும் புழு மாத்திரை குடுக்கத்தான போறாங்க. எதுக்கு வீணா தொல்ல" என்றார்.

யாரும் உத்தரவு போடவில்லை, எங்கும் எழுதி வைக்கவுமில்லை. வெள்ளிமலைப் பக்கத்து ஊர்ப் பெயர் சீட்டில் இருந்தால் ஈசினோபிலுக்கு நேராக நாலு. முதலில் எண்ணிவிட்டு நாலு போட்டேன். அப்புறம் பாதி எண்ணி நாலு போட்டேன். அப்புறம் எண்ணவேயில்லை. சில வருடம் கழித்து மெஷின் வந்தது. அந்த மெஷின் வெள்ளை அணுக்களை மூன்று கூறாகப் பிரிக்குமே தவிர ஈசினோபிலைத் தனியாகக் காட்டாது. அதற்காகத்தான் ஸ்லைடு போட வேண்டும் என்று விதி. ஸ்லைடு போட்டோம், சாயமும் ஏற்றினோம், மரப்பெட்டியில் வரிசையாக அடுக்கினோம். பார்க்க மட்டும் செய்யவில்லை. மாதக் கடைசியில் கழுவி மறுபடி எடுத்துக்கொள்வோம்.

இந்தக் கோலத்தில்தான் ராமாயி வந்தாள்.

நாற்பது வயது இருக்கும். மலையில் சாமையும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். கணவன் பெயர் சடையன். காய்ச்சல், வறட்டு இருமல், நாலு அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் அடிப்பக்கம் வெள்ளையாக இருந்தது. நிமோனியா என்று ஊசி போட்டார்கள். ஐந்தாம் நாள் எழுந்து நடந்தாள், வீட்டுக்கு அனுப்பினார்கள். நான்காம் நாளே திரும்பி வந்தாள், அதே காய்ச்சல், அதே மூச்சு. சளியில் டிபி கிருமி இருக்கிறதா என்று நானே பார்த்தேன், இல்லை. அதை ஒழுங்காகப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறுபடி ஊசி, நான்கே நாளில் தேறிவிட்டாள். இரண்டு முறையும் ரத்தச் சீட்டு என்னிடம்தான் வந்தது. இரண்டிலும் நாலு எழுதினேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மூன்றாம் முறை ஆம்புலன்ஸில் கொண்டு வந்தார்கள். உதடு நீலம் பூத்திருந்தது. ஆக்சிஜன் வைத்தும் பேச முடியவில்லை.

வார்டைப் பார்த்துக்கொண்ட டாக்டர் ஒரு சின்னப் பெண். வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, எங்கள் மகள் வயது. மறுநாள் காலை ஆய்வகத்துக்கு அவரே வந்து சீட்டைக் கொடுத்தார். "அக்கா, இந்தம்மாவுக்கு முதல்ல பாத்துக் குடுங்க. சளியில ஒண்ணுமில்ல, ஆனாலும் டிபி மருந்து இன்னைக்கே ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். வேற வழி தெரியல. சாயங்காலத்துக்குள்ள மூச்சு சரியாகலன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். வழி தாங்குமான்னுதான் பயமா இருக்கு." கண்ணைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

அன்றைக்கு மெஷின் ஓடவில்லை. திரவம் தீர்ந்து இரண்டு நாளாகியிருந்தது. அந்தத் திரவம் தீராமல் இருந்திருந்தால் ராமாயி இன்று இல்லை, நானும் நிம்மதியாகப் பென்ஷன் வாங்கிக்கொண்டிருப்பேன். மற்ற வகைகளின் எண்ணைத் தர மெஷின் இல்லாததால், வேறு வழியில்லாமல் ஸ்லைடைத் தூக்கி மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன்.

முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. எங்கே நகர்த்தினாலும் சிவப்பு மணி. நூறு எண்ணினேன், முப்பத்திரண்டு வந்தது. நம்பாமல் இன்னொரு நூறு எண்ணினேன், முப்பத்திமூன்று. மலைக்காரர்களுக்குக் கூடத்தான் இருக்கும், ஆனால் இது அந்தக் கணக்கில் சேராது. மரப்பெட்டியைத் திறந்து அவளுடைய பழைய ஸ்லைடுகள் இரண்டையும் தேடினேன். மாதக் கடைசி ஆகாததால் கழுவாமல் இருந்தன. முதலாவதில் பதினாலு. இரண்டாவதில் இருபத்திரண்டு. மூன்று தடவையும் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. பதிவேட்டில் அவள் பெயருக்கு நேராக நாலு, நாலு, என் கையெழுத்து.

இந்த இடத்தில் நான் நல்லவள் மாதிரி உடனே எழுந்து ஓடினேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஓடவில்லை, உட்கார்ந்திருந்தேன். ஓய்வு பெறப் பத்து மாதம் இருந்தது. முப்பத்திரண்டு என்று எழுதினால், போன தடவை நாலாக இருந்தது எப்படி இப்படி ஆனது என்று டாக்டர் கேட்பார். மெஷின் மேல் பழியைப் போடலாம், மெஷின் வந்து மறுத்துப் பேசாது. இல்லையென்றால் எட்டு என்று எழுதிவிடலாம், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். இவ்வளவையும் நான் நினைத்தேன். நினைத்தபோது வார்டில் ஒருத்தி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

இன்னொரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று எனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு வார்டுக்குப் போனேன். சடையன் கட்டில் ஓரத்தில் நின்றிருந்தான். நான் கேட்காமலே பேசினான்.

"வூட்டுக்குப் போனா வருதுங்க, இங்க வந்தா போயிடுதுங்க. தூசி ஆவாதுன்னு போன தபா டாக்டரம்மா சொன்னாங்க. அதான் கூரையப் பிரிச்சிப் போட்டு புதுசா மேஞ்சேன். வேல முடியற வரிக்கும் இத்த கீழ இவ தங்கச்சி வூட்ல வுட்டு வெச்சேன், கச்சிராயபாளையத்துல. அங்க பத்து நாளும் நல்லாத்தான் இருந்துச்சி. புது கூரைக்கு அழைச்சிக்கினு வந்தேன், அன்னிக்கே இப்பிடி ஆயிப்போச்சி. எங்க மல காத்தே இவளுக்கு ஆவலிங்க. நெலத்தக் குடுத்துட்டு கீழ எறங்கிட வேண்டிதான். கரும்பு வெட்டப் போனா கஞ்சி குடிக்கலாம்."

கட்டிலுக்கு அடியில் அவளுடைய சிறுநீர்ப் புட்டி இருந்தது, சோதனைக்கு எடுத்து வைத்தது. கருப்பட்டிக் காப்பி நிறம். காய்ச்சலில் தண்ணீர் குடிக்காதவர்களுக்கு மஞ்சளாகத்தான் போகும், இது வேறு மாதிரி பழுப்பு. முதல் தடவை வந்தபோதும் இப்படி ஒரு புட்டி வந்தது நினைவுக்கு வந்தது. அப்போதும் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கொட்டினேன்.

சடையனை வெந்நீர் வாங்கி வர அனுப்பினேன். அவன் போனதும் அவள் காதருகே குனிந்து, "இன்னாம்மா, மூத்திரம் இப்பிடிப் போவுதே, எத்தினி நாளா?" என்று கேட்டேன்.

ஆக்சிஜன் மூடியை விலக்கி விலக்கித்தான் பதில் சொன்னாள். "அந்த மாத்திர போட்டா... அப்பிடித்தாங்க வரும்."

"எந்த மாத்திர?"

"நீர்க்கடுப்புக்குங்க. டவுன்ல காட்டினேன். தெனம் ஒண்ணு போடணும், மூணு மாசத்துக்கு நிறுத்தவே கூடாதுன்னாங்க."

"டாக்டர் கேட்டப்ப சொல்லலியா?"

"சக்கர மாத்திர, பிரஷர் மாத்திர சாப்புடுறியான்னு கேட்டாங்க. அது இல்லன்னேன். இதப் போயி... இவரு பக்கத்துல நின்னுக்கினு இருக்காரு, ஆம்பளைங்க எதுர்க்க எப்பிடிங்க சொல்றது."

"ஆஸ்பத்திரில இருக்கும்போதும் போட்டியா?"

"இல்லிங்க. ஊசி போடுறாங்களே, ரெண்டும் சேரக்கூடாதுன்னு வுட்டுட்டேன். மாத்திர வூட்லதான் இருக்குது. தங்கச்சி வூட்டுக்கும் எடுத்துக்கினு போவல. முந்தாநேத்து வூட்டுக்கு வந்ததும்... வுட்டுப்போன நாளுக்கும் சேத்து ரெண்டா போட்டேன்."

நிறுத்தக்கூடாது என்று சொன்னதை இவ்வளவு ஒழுங்காகக் கேட்டவளை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. கூரை இல்லை, காற்று இல்லை, மலையும் இல்லை, வீட்டில் இருந்த மாத்திரை. ரத்தம் எடுக்கக் கொண்டுபோன கண்ணாடிக் குழாயை மூடி வைத்துவிட்டு டாக்டர் அறைக்கு நடந்தேன்.

போகிற வழியில் என்ன சொல்வது என்று யோசித்து வைத்ததெல்லாம் அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. "மேடம், ஈசினோபில் முப்பத்திரண்டு. ஒரு மாத்திரை சாப்பிடுறாங்க, யாருகிட்டயும் சொல்லல" என்று நீர்க்கடுப்பு மாத்திரைக் கதையை முழுக்கச் சொன்னேன். அவர் கேஸ் தாளைப் புரட்டினார்.

"போன தடவையே எனக்கு ஈசினோபில் சந்தேகம் வந்துச்சு அக்கா. ரிப்போர்ட்ல நாலுன்னு இருந்துச்சு. அதுக்கு முந்துன ரிப்போர்ட்டும் நாலு. அதனாலதான் அதை விட்டுட்டு வேற பக்கம் போனேன். நாலு எப்படி ரெண்டே வாரத்துல..." என்று நிறுத்தி, என்னைப் பார்த்தார். "அந்த நாலை யாரு எண்ணுனது?"

"யாரும் எண்ணல மேடம். மலைச் சீட்டுக்கு நாலு போடுறது இங்க வழக்கம். நான்தான் எழுதினேன். பழைய ஸ்லைடு ரெண்டும் இருக்கு, இப்பத்தான் எண்ணினேன். பதினாலும் இருபத்திரண்டும்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை. மேசையைப் பார்த்துக்கொண்டே, "இந்த முப்பத்திரண்டை மட்டும் நான் எப்படி நம்புறது?" என்றார். "இது மருந்தால வந்ததா இருந்தா ஸ்டீராய்டு குடுக்கணும். டிபியா இருந்து ஸ்டீராய்டு மட்டும் குடுத்தா அந்தம்மாவை நானே கொன்ன மாதிரி."

 முப்பது வருடம் கையெழுத்துப் போட்டவளின் எண்ணுக்கு மதிப்பில்லாமல் போயிருந்தது, போனது நியாயம்தான். "நீங்களே வந்து எண்ணுங்க மேடம்" என்றேன்.

வந்து எண்ணினார். மூன்று ஸ்லைடையும் வரிசையாக. நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வாசலில் சீட்டோடு நின்ற கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது. முடித்துவிட்டு நிமிர்ந்தவர், எண் சரி என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினார். மருத்துவக் கல்லூரியில் தன் ஆசிரியருக்குப் போன் செய்து இரண்டு நிமிடம் பேசினார். அந்த மாத்திரையை இனி தொடவே கூடாது, ஸ்டீராய்டு ஊசி, டிபி மருந்து இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு செய்தார். முடிவு அவருடையது. தப்பாகப் போயிருந்தால் தலையும் அவருடையதுதான் உருண்டிருக்கும், என்னுடையதல்ல. வயதில் பாதி இருக்கிற ஒருவருக்கு முன்னால் நான் அவ்வளவு கூசியது கிடையாது.

பிறகு ஒருநாள் அவரே எனக்கு விளக்கினார். மாத்திரை நேராகப் போய் நுரையீரலை எரித்துவிடவில்லை. சிலருடைய உடம்பு அந்த மருந்தை எதிரி என்று நினைத்துவிடுகிறது. வெள்ளை அணுக்களைத் திரட்டி நுரையீரலுக்கு அனுப்புகிறது. புழுவைக் கொல்வதற்காக ஈசினோபில் வைத்திருக்கிற சரக்கையெல்லாம் அங்கே கொட்டினால், மூச்சு போய்வருகிற மெல்லிய சவ்வுதான் புண்ணாகும், நீர் கோத்துக்கொள்ளும். காட்டுப்பன்றியை விரட்டப் போனவர்கள் மரவள்ளித் தோட்டத்தை மிதித்துவிட்டு வருகிற மாதிரி. ஒவ்வொரு தடவையும் உடம்பு முன்னைவிட வேகமாகத் திரள்கிறது. முதல் தடவை பத்து நாள் பிடித்தது, அடுத்தது மூன்று நாள், கடைசியில் சில மணி நேரம். எல்லா மருந்தும் இப்படிச் செய்யாது என்றும் சொன்னார். சில மருந்துகளில் வேறு வெள்ளை அணுக்கள்தான் முன்னால் நிற்கும், அப்போது ஈசினோபில் உண்மையிலேயே நாலாக இருக்கும். ஆகவே கூடினால் மருந்து, குறைந்தால் மருந்தில்லை என்று நீங்கள் ஒரு புது வழக்கத்தைக் கிளப்பிவிடாதீர்கள்.

மறுநாள் மாலையே ராமாயி ஆக்சிஜன் மூடியில்லாமல் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாள். ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரையின் பெயரை ஒரு அட்டையில் பெரிதாக எழுதி, எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இதை நீட்டு என்று சொல்லிக் கொடுத்தோம்.

போகிற அன்று சடையன் ஆய்வக வாசலுக்கு வந்தான். "நீங்கதாங்க கண்டுபுடிச்சீங்கன்னு நர்சம்மா சொன்னாங்க. நெலத்துக்கு விலகூட பேசிட்டேன், நல்லவேள" என்று கையெடுத்துக் கும்பிட்டான். "கூரைதான் வெட்டியா பிரிச்சிட்டேன்" என்று சிரித்தான்.

அந்தக் கும்பிடை என்னால் தாங்க முடியவில்லை. டாக்டரிடம் சொன்னதை அவனிடமும் சொன்னேன். இரண்டாம் தடவையாவது எண்ணியிருந்தால் அவள் மூன்றாம் தடவை வந்திருக்கமாட்டாள், நீ கூரையைப் பிரித்திருக்கமாட்டாய், எண்ணாமல் நாலு என்று எழுதினேன், உங்கள் ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவோம் என்று சொன்னேன். அவன் சிரிப்பு நின்றது. கோபப்படவில்லை. எதையோ கணக்குப் போடுகிறவன் போல நின்றான்.

"போன வருசம் எங்க அண்ணனுக்கும் நீங்கதான ரத்தம் எடுத்தீங்க. இருமிக்கினே இருந்தாரே. அவருக்கு இன்னாங்க எழுதுனீங்க?"

பதிவேட்டை எடுத்து அவன் சொன்ன பெயரைத் தேடினேன். இருந்தது. பெயர், ஊர், வயது, எண்.

"நாலுன்னு எழுதியிருக்கேன்."

"அது எண்ணி எழுதுனதுங்களா?"

"இல்ல. அந்த ஸ்லைடும் இப்ப இல்ல, கழுவிட்டோம். அவரு எப்பிடி இருக்காரு?"

"அவரு போயிட்டாருங்க. தைக்கு வருசம் திரும்புது."

அவர் என்ன நோயில் போனார் என்று எனக்குத் தெரியாது. வெறும் புழுவாக இருந்திருக்கலாம், டிபியாக இருந்திருக்கலாம், வயதாக இருந்திருக்கலாம். எண்ணியிருந்தாலும் அது உதவியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. சடையனும் கேட்கவில்லை. மூட்டையைத் தோளில் போட்டான். "வாங்க, வெள்ளிமல பஸ்ஸு போயிடும்" என்று ராமாயி வாசலிலிருந்து கூப்பிட்டாள். போனார்கள்.

அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரை பத்து மாதம், மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மலைச் சீட்டு ஒவ்வொன்றையும் நூறு எண்ணித்தான் எழுதினேன். கண்ணும் கழுத்தும் போனதுதான் மிச்சம். மேலேயிருந்து போன் வந்தது, எல்லாருக்கும் பதினைந்தா என்று. ஆமாம் சார், பதினைந்துதான், வந்து பாருங்கள் என்றேன். வரவில்லை.

நான் போகிற அன்று பொன்னாடை போர்த்தி, முப்பத்தொரு வருடத்தில் ஒரு புகார்கூட வராதவர் என்று மேடையில் பாராட்டினார்கள். எப்படி வரும்? நாலு என்று எழுதியிருந்தால் யார் புகார் செய்வார்கள்? சடையன் ஒருவன் செய்திருக்கலாம், அவனும் செய்யவில்லை. செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தூக்கமாவது வந்திருக்கும்.

உங்களில் யாருக்காவது அந்த மருத்துவமனைக்கு மாற்றல் வரும். ஆய்வக அலமாரியின் கீழ்த்தட்டில் பச்சை அட்டை போட்ட பதிவேடுகள் இருக்கும். கரையான் பிடிக்காமல் இருந்தால் ஒன்றை எடுத்து எந்தப் பக்கத்தை வேண்டுமானாலும் திறந்து, மலையூர்ப் பெயர்களுக்கு நேராகப் பாருங்கள். அது என் கையெழுத்து.